கம்பி நின்ற இடம்

சான் யுவான் மலையின் குறுகிய இருப்புப் பாதையில், பத்தொன்பது குளிர்காலங்களாகப் பனியைக் குத்திப் பார்ப்பதே டெல்ஃபினோ அர்ச்சுலெத்தாவின் வேலை. மலையிலிருந்து சரியும் பனி வெறும் பனியாக இராது; வேரோடு பிடுங்கிய மரங்களையும் பொதிந்துகொண்டு வரும். பனிவெட்டி வண்டியின் முகப்பில் சுழலும் இரும்புச் சக்கரம் எவ்வளவு பனியையும் வாரி வீசிவிடும். ஒரு மரம் சிக்கினால் சக்கரத்தின் அலகுகள் முறிந்துபோகும். ஆகையால் டெல்ஃபினோ முன்னே நடந்து, பன்னிரண்டடிக் கம்பியை ஓரடிக்கு ஒரு முறை இறக்குவார். அவர் கை உயர்ந்தால் வண்டி நிற்கும். பின்னால் வரும் கூலியாட்களான நாங்கள் மண்வெட்டியும் ரம்பமும் எடுப்போம்.

அந்த ஆண்டு பிப்ரவரிப் புயல் ஆறு நாள் அடித்தது. பாதையின் கோடியிலிருந்த சுரங்க ஊரில் நிலக்கரி தீர்ந்து, வேலிக்கட்டைகளை எரிக்கிறார்கள் என்று தந்தி வந்தது. டெல்ஃபினோவின் மனைவி கிளியோஃபாஸும் நாற்பது நாள் பெண் குழந்தையும் அங்கேதான் இருந்தனர். பாதையைத் திறக்க நாங்கள் கிளம்பியது முதல் டெல்ஃபினோ எங்கும் உட்காரவில்லை. மிளகாயும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிய ரொட்டியை நடந்தபடியே தின்றார், பாதியை எறிந்தார்.

முற்பகலில் அவர் கை உயர்ந்தது. மரம் கம்பியின் நுனியைக் கவ்வும், பனிக்கட்டி விட்டுவிடும் என்பது அவர் கணக்கு. கம்பி கவ்வப்பட்டிருந்தது. பதினான்கு பேர் இரண்டு மணி நேரம் தோண்டினோம். உள்ளே இருந்தது, உருகி மறுபடி இறுகிய பனிக்கட்டி.

"டெல்ஃபினோ அண்ணே, இதை ரம்பத்துல அறுக்கவா, விஸ்கியில போடவா?" என்றான் எங்கள் கூட்டத்துப் பெனீத்தோ.

எல்லோரும் சிரித்தோம். அவர் அதற்குள் நகர்ந்துவிட்டார்.

இருநூறு அடி தள்ளிக் கம்பி மீண்டும் நின்றது. இம்முறை கவ்வவில்லை, நுனியில் மரப் பிசின் வாசமும் இல்லை. பக்கத்தில் குத்தினார், அதே ஆழத்தில் நின்றது. கை உயரவில்லை. அவர் ஊர்ப் பக்கம் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார்.

வண்டியை விடச் சொல்லலாமா என்று கேட்டார் மேஸ்திரி லூசேரோ.

"ரெண்டுங்கெட்டானா இருக்கு, மேஸ்திரி. கல்லா, கட்டியா, மரமா, தெரியலை."

"ஒருதரம் தோண்டியாச்சு. உன் புள்ளதான் அங்க குளிர்ல கிடக்கு. பார்த்துச் சொல்லு."

"அதுக்காகத்தான் சொல்றேன். இந்தச் சக்கரம் போச்சுன்னா, நமக்கு வேற சக்கரம் இல்லை. தோண்டச் சொல்லுங்க."

பெனீத்தோ ஏதோ முணுமுணுத்தான், மண்வெட்டியை எடுத்தான். ஒன்பதடி ஆழத்தில், தண்டவாளத்தின் குறுக்கே, பட்டை உரிந்து என்றோ பட்டுப்போன ஒரு மரம் கிடந்தது. ஒருவன் கட்டிப்பிடிக்கும் பருமன். காய்ந்து கல்லாகிவிட்டதால்தான் அது நுனியைக் கவ்வவில்லை. அறுத்து முடிக்கப் பிற்பகல் மூன்றாயிற்று.

துண்டுகளை வண்டிப் பெட்டியில் ஏற்றும்படியும், ஊரில் அடுப்புக்கு ஆகும் என்றும் சொன்ன லூசேரோ, காப்பி குடிக்க டெல்ஃபினோவைக் கூப்பிட்டார். டெல்ஃபினோ திரும்பவில்லை. நாற்பதடி முன்னே, கம்பியை இழுத்து, ஓரடி நகர்ந்து, மறுபடி இறக்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது.