அடுத்து வருபவளுக்கு ஒரு டப்பா

தலைநகரில், துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் பின்னால், மழைநீரை நிலத்துக்குள் இறக்கத் தோண்டிய குழியில், சரியாக உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேலையாள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் ஈர மண்ணும் துருவும் கலந்த வாசனை எழுந்தது. அது இதே ஊரில் நான் சிறுமியாய் வளர்ந்த கிட்வாய் நகர் கைப்பம்பின் வாசனை.

இன்று அடுக்குமாடிகளுக்கு அடியில் போய்விட்ட அந்தப் பம்பு, தலையில் ஒரு டப்பா தண்ணீர் ஊற்றி அடித்தால்தான், நாலைந்து முறை வெறும் மூச்சு வாங்கிவிட்டுத் தண்ணீர் தரும். அதனால் அடித்து முடித்தவர் அடுத்தவருக்காக டப்பாவை நிரப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். "ஏட்டி, அடுத்து வாறவளுக்கு வச்சியா?" என்று அம்மா ஜன்னலிலிருந்து தினமும் கேட்பாள்.

ஒரு மே மாத மதியம், அந்த டப்பாத் தண்ணீரைச் சுடுகிற என் கால்களில் ஊற்றிக்கொண்டு, "வச்சுட்டேன்மா" என்றேன்.

அதற்குப் பிறகு யார் எவ்வளவு ஊற்றி அடித்தும் பம்பிலிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது. நிலத்தடி நீர் கீழே போய்விட்டிருந்தது என்று இப்போது தெரியும். தெரிந்தும் அந்த மூச்சு என்னை விடவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு டப்பா தண்ணீர் கொண்டுவந்து குழியில் ஊற்றினேன். "பஸ், பஸ், மேடம்ஜி" என்று, போதுமெனக் கைகாட்டி வேலையாள் தடுத்தார்.

"வச்சுட்டேன்மா" என்றேன், குழியைப் பார்த்து.

தண்ணீர் இறங்கிய குழி அந்தப் பம்பின் மூச்சை ஒருமுறை இழுத்தது, நம்பாததுபோல.