கிளாசுக்குள்ளே மீன்

ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருசமாகியும் நான் யாருடைய முகத்தையும் நேரே பார்த்துப் பேசியதில்லை. போன கோடையில் நண்பர்களோடு கடலோரக் கிராமமொன்றின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். வைன் ஊற்றித் தந்த தோட்டத்து அம்மா, ஒவ்வொருவரின் கண்ணையும் பார்த்துக் கிளாசை முட்டினார். இங்கே அதுதான் மரியாதை. என் முறை வந்ததும் குனிந்துகொண்டேன்.

"அண்ணை, கிளாசுக்குள்ளே மீனோ தேடுறியள்?" என்றான் கூட வந்த சிவா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், நீட்டிய கையோடு காத்து நின்றார். மெல்ல நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ப்ரோஸ்ட்!" என்று ஜேர்மன் வழக்கப்படி வாழ்த்தினேன், எல்லோருக்கும் கேட்க.

பின்னேரம் கடற்கரையில் தேத்தண்ணி ஊற்றினோம். சிவா கோப்பையை வாயில் வைக்கப் போனான்.

"பொறடா தம்பி, முதல்ல என்ரை கண்ணைப் பார்," என்றேன்.

வெட்கத்தில் அவன்தான் குனிந்தான். இப்போது வேலையிடத்தில் காலை வணக்கத்தை நான் தரைக்குச் சொல்வதில்லை.