சொட்டு மருந்தும் விசில் அண்ணியும்

எங்கள் அண்ணிக்கு மைதானத்தில் 'விசில்' என்று பெயர். கால்பந்து நடுவர். மீசை முறுக்கிய ஆட்டக்காரர்கள்கூட அவர் திரும்பிப் பார்த்தாலே வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். அண்ணன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம் என்று, கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். வலி கிடையாது, மங்கல் கிடையாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே வரும், போனது திரும்பாது என்றார் கண் மருத்துவர். ஓரப்பார்வை போன நடுவருக்கு மைதானத்தில் என்ன வேலை? அன்றிலிருந்து அண்ணி காலையும் மாலையும் தவறாமல் சொட்டு மருந்து விட்டார். அடுத்த பரிசோதனையில் அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது.

ஆனால் மூச்சு வாங்கத் தொடங்கியது. பாதிப் படியில் நின்று, ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்வார். வயதாகிறது என்று அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "வயசு உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணி முன்னைவிட அதிகமாக ஓடினார். வருடாந்தர ஓட்டச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாவிட்டால் நடுவர் வேலைக்கு முழுக்குதான்.

ஒரு காலை, ஓடிவிட்டு வந்தவர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். திட்டிக்கொண்டே நெஞ்சு மருத்துவரம்மாவிடம் இழுத்துப் போனேன்.

"வேற மருந்து ஏதாவது எடுத்துக்கிறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் அண்ணி.

"கண்ணுக்குச் சொட்டு விடறாங்க" என்றேன்.

அண்ணி என்னை முறைத்தார். "அதுக்கும் நெஞ்சுக்கும் என்னடி சம்பந்தம்?"

மருத்துவர் அண்ணியின் பையிலிருந்த சொட்டுக் குப்பியை வாங்கிப் படித்தார். "சின்ன வயசுல இழுப்பு இருந்ததா?"

அண்ணி குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டினார். எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நடுவர் தகுதிச் சோதனையில் வருடா வருடம் இதைக் கேட்பார்கள். இல்லை, இல்லை என்று சொல்லியே பழகிய வாய், கண் மருத்துவர் கேட்டபோதும் அதையே சொல்லியிருக்கிறது.

"கண்ணுல விடற சொட்டு மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலந்துடும்மா. இந்த மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். இழுப்பு இருந்தவங்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிடும். மருந்து நல்ல மருந்துதான், எங்கம்மாவுக்கே தினமும் விடறேன். உங்களுக்கு ஆகாது."

"மூச்சு வாங்கினா கொஞ்சம் நின்னுக்கலாம்" என்றார் அண்ணி. "பார்வை போனா போனதுதானே? நான் நிறுத்த மாட்டேன்."

"ரெண்டுல ஒண்ணை விடச் சொல்லல. வேற வகைச் சொட்டு இருக்கு." அங்கிருந்தே கண் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார்.

அன்றே மருந்து மாறியது. புதிய சொட்டில் கண் லேசாகச் சிவந்தது. ஆட்டக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பயந்தார்கள், அவ்வளவுதான். அழுத்தம் ஏறவில்லை. மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது.

சோதனை நாளில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதிகாரி வழக்கமான கேள்வியைத் தலை நிமிராமல் கேட்டார். "ஆஸ்துமா, வேற நோய் ஏதாவது?"

அண்ணியின் வாய் பழக்கத்தில் திறந்து, மூடியது.

"சின்ன வயசுல இழுப்பு இருந்தது. கண்ணுல அழுத்தம், சொட்டு விடறேன். ரெண்டையும் எழுதிக்குங்க" என்றார் அண்ணி. "எழுதிட்டு, நான் ஓடறதைப் பாருங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அண்ணி ஓட்டம் தொடங்கும் கோட்டில் போய் நின்றுவிட்டார்.