பிளேடுக்குப் பின்பக்கம் பார்த்தவன்

காலை பதினொரு மணிக்கு மாரியப்பன் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது பயந்துகொண்டேதான் எடுத்தேன். அவர் என் நண்பன் கருப்பசாமியின் அண்ணன்; நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்ப்பவர். வேலை நேரத்தில் அவருடைய செல்போன் வாசலில் வாட்ச்மேனிடம் இருக்கும். அந்த நேரத்தில் அழைப்பு வருகிறதென்றால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது, வேறு யாரோ பேசப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பேசியது அவரேதான். "தம்பி, கருப்பசாமி போயிட்டான்" என்றார். கல்லூரிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டானாம். அண்ணனுக்காகக் காலமெல்லாம் பயந்தவன் அண்ணனை முந்திக்கொண்டான்.

உங்களில் பலர் கருப்பசாமியை எங்கள் கல்லூரி இயந்திரவியல் ஆய்வகத்தில் தலையெல்லாம் வெள்ளையாக நிற்கும் வாத்தியாராகத்தான் பார்த்திருப்பீர்கள். அது நரையில்லை, முகப்பவுடர். மருந்து அறையில் பறக்கும் தூசியை வெளியே இழுக்க ஒரு காற்றாடி வேண்டும். அங்கே மின்சார மோட்டார் கூடாது, ஒரு பொறி போதும் வெடிக்க. அதனால் வெளியிலிருந்து குழாயில் வரும் அழுத்தக் காற்று ஒரு சிறு டர்பைனைச் சுற்ற, அது காற்றாடியைச் சுற்ற வேண்டும். கடைசி வருட மாணவர்களுக்கு வருடந்தோறும் அவன் கொடுத்த புராஜெக்ட் இதுதான். மருந்துக்குப் பதில் பவுடரைத் தூவிச் சோதிப்பார்கள். டப்பா டப்பாவாக வாங்குவதைப் பார்த்துத் திருத்தங்கல் கடைக்காரர், வீட்டில் கல்யாணமா என்று கேட்டாராம்.

பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து அறைக்குள் போகுமுன், உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொடுவார்கள். அப்படி ஒன்றை ஆய்வக வாசலிலும் அடித்து வைத்தான். நானும் அவனும் ஒன்றாகப் படித்து ஒரே துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்த உரிமையில், பவுடருக்கு எதற்கடா தகடு என்று கேலி செய்தேன். "கை பழகணும்லே" என்றான். அவன் பிடிவாதம் பல நாள் எனக்கு எரிச்சலூட்டியிருக்கிறது.

ஒரு வருடம் சோதனை பிரமாதமாக அமைந்தது. கணினியில் போட்ட கணக்கும் கருவி காட்டிய காற்றின் வேகமும் ஒத்துப்போயின. தூசி கண்ணெதிரே குறைந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இதைக் கட்டுரையாக அனுப்பலாம் என்றார். மாணவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்க, காற்றாடி நின்றதும் கருப்பசாமி பிளேடுக்குப் பின்பக்கம் விரலை விட்டுத் தடவினான். விரல் வெள்ளையாக வந்தது. தூசியில் கொஞ்சம் வெளியேறாமல் அங்கே படிந்திருந்தது. பவுடரென்றால் துடைத்துவிடலாம். மருந்து அப்படிப் படிந்து, பிளேடு எங்காவது உரசினால் அறையே மிஞ்சாது.

"இத எங்க அண்ணன் உக்காந்திருக்க ரூம்புல மாட்ட முடியுமா? தோத்துப்போச்சுன்னே எழுதுங்க" என்றான்.

ஒரு மாணவி அழுதேவிட்டாள். தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, அது வேறு விஷயம். அடுத்தடுத்து வந்தவர்கள் பிளேடின் கோணத்தை மாற்றினார்கள், வளைவை மாற்றினார்கள், வழவழப்பான பூச்சு பூசிப் பார்த்தார்கள். விரல் வெள்ளையாகத்தான் வந்தது.

எங்கிருந்தோ வெடிச் சத்தம் கேட்கும் நாட்களில் அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சாப்பாட்டு வேளையில் அண்ணன் வாசலுக்கு வந்து போனை வாங்கும் வரை எதுவும் தெரியாது. அதுவரை வகுப்பெடுப்பான். எழுதிய சமன்பாட்டையே திரும்ப எழுதுவான். பிறகு அழைத்து, நல்லா இருக்கீகளா என்றுகூடக் கேட்கமாட்டான். "சாப்பிட்டீகளாண்ணே?" அவ்வளவுதான். பதில் வந்ததும் தன் டிபன் பாக்ஸைத் திறப்பான்.

இந்த வருட மாணவர்கள் இப்போது என் பொறுப்பு. போன மாதம் சோதனை முடிந்து எல்லோரும் என்னைப் பார்த்தபோது நானும் பின்பக்கம் தடவினேன். கொஞ்சம் வெள்ளை இருந்தது. தோற்றுப்போச்சு என்றே எழுதச் சொன்னேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் காற்றாடியும் அந்தக் காத்திருப்பும். போன வாரம் முற்பகலில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு வேளை வரை பொறுத்திருந்து மாரியப்பன் அண்ணனை அழைத்தேன். எடுத்துவிட்டார். நான் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்:

"சாப்பிட்டேன் தம்பி."