வெயிலில் நிறுத்தச் சொன்னவர்

சித்திரை மாதத்தில் திருச்செங்கோட்டில் எல்லோரும் நிழல் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். கார் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமை உரிக்கும் அந்த மனிதர் மட்டும், "நல்ல வெயில்ல போடுங்க, பசை இளகட்டும்" என்றார். ஒல்லி உடம்பு, முழங்கை வரை சோப்பு நுரை, முகம் நிறைய வேர்வை.

கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதென்று போலீஸ் எச்சரித்ததால் அவரிடம் போயிருந்தேன். எனக்கோ பெரிய வருத்தம். அந்த இருட்டுக்குள்தான் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டுவேன். வீட்டில் அதற்கு அனுமதி கிடையாது.

"இனிமே பாட முடியாதுங்க. ரோட்டுல போறவங்க பூரா பாப்பாங்க" என்று அவரிடம் புலம்பினேன்.

கடைசிக் கண்ணாடியின் ஃபிலிமை ஒரே தாளாக உரித்தெடுத்துவிட்டு, என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பாக்கத்தானுங்க செய்வாங்க. கேக்காதுல்லங்க?"

மறுநாள் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தைரியமாக உச்சஸ்தாயிக்குப் போனேன். பக்கத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. அவர்தான். என் வாயையே பார்த்துக்கொண்டு ஹேண்டில்பாரில் தாளம் போட்டார். வண்டிகள் நகர்ந்ததும் காதைத் தொட்டுக் காட்டி, பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அது பாராட்டா, 'போதும் சாமி' என்பதா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.