மனு மாமாவின் சொந்த மனு

திருட்டு மெயிலில் ஏமாந்தவர்கள், கையிலிருக்கும் சாட்சியான அந்த மெயிலையே ஏன் முதலில் அழித்துவிடுகிறார்கள்? கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி மனு மாமா தினமும் கேட்கும் கேள்வி இது. அப்போது எனக்கு விடை தெரியவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. காவல் நிலையத்துக்கு எதிரே ஓர் அறையில் புகார் மனு டைப் செய்து தருகிறார். அத்தை அங்கேயே ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறார். பள்ளி முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் நான் பிரிண்ட் எடுக்கப் போவேன்.

மேசைக்கு எதிரே கால் ஆடும் ஸ்டூல் ஒன்று. ஏமாந்தவர்களின் இடம் அது. "அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல பேங்குக்குப் போன் போட்டுப் பணத்தை நிறுத்தச் சொல்லுங்க. அடுத்து எதிர்ல புகார். பேங்க் கையை விரிச்சா குறைதீர்ப்பாளர் இருக்காரு, அவரும் விரிச்சா கோர்ட்டு." கடைசியாக மனுவை நீட்டுவார். "கையெழுத்துக்கு முன்னாடி சத்தமாப் படிங்க. இங்கயே வாய் வரலைன்னா ஸ்டேஷன்ல எப்படி வரும்?"

திருட்டு மெயில்களை விடைத்தாள் போலத் திருத்துவது அவர் வழக்கம். சட்டைப் பையில் அதற்கென்றே ஒரு சிவப்புப் பேனா. "பதினோரு பிழை. இவன்கிட்டயா ஏமாந்தீங்க?"

போன மாதம் அவருக்கே ஒரு மெயில் வந்தது. மோசடியில் போன பணத்தை மீட்டுத் தரும் சட்ட நிறுவனமாம். முகவராகச் சேரப் பதிவுக் கட்டணமாம். மாமா மூன்று முறை படித்தார். ஒரு பிழைகூட இல்லை. இரண்டு மாத அறை வாடகையை அன்றே அனுப்பிவிட்டார். அதன்பின் அங்கிருந்து பதிலே இல்லை.

நான்காம் நாள், வங்கியின் குறுஞ்செய்தி அத்தை கண்ணில் பட்டது.

"அந்த மெயில் எங்க?"

"அழிச்சுட்டேன்."

"நீங்களா?"

"பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு."

எனக்கு விடை கிடைத்துவிட்டது.

அத்தை கணினியில் குப்பைப் பெட்டியைத் திறந்தார். மெயில் அங்கேதான் கிடந்தது. வங்கிக்குப் போன் செய்துவிட்டு மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். மூன்று பேர் வரிசையில் காத்திருந்தார்கள். மாமா சொல்லச் சொல்ல அத்தை டைப் செய்தார்.

"சத்தமாப் படிங்க."

"மனசுக்குள்ள படிச்சுட்டேன். நல்லாத்தான் இருக்கு."

"எனக்குக் கேக்கலையே."

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமா சிவப்புப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தார்.

அவர் குரல் எதிரே ஸ்டேஷன் வாசல்வரை கேட்டது. அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு, இதைப் படித்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.