நீலம் மட்டும் வேண்டாம்

பரிமளாவுக்கு எதிலும் சொந்தக் கருத்து கிடையாது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கல்யாணப் புடவை எடுக்கப் போன இடத்தில் "ஒங்க இஷ்டம்" என்றவள். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதும் அதையே சொன்னவள். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சிற்றூரில் அவளோடு மல்லுக்கு நிற்க ஆசைப்பட்ட ஓரகத்திகள்கூடப் பிடி கிடைக்காமல் அலுத்துப்போனார்கள். வாய் பேசாத பெண்களை நல்லவள், தங்கமானவள் என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற சிரமம் மிச்சம்.

அப்படிப்பட்டவள், புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற நேரம் வந்ததும் பெயிண்டர் சேவுகனை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

அவள் புருஷன் குணசேகரன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தான். வீடு எழும்பியது அவன் உழைப்பில். கலரையெல்லாம் நீயே பார்த்துக்கொள் என்று போனில் சொல்லிவிட்டான். சேவுகன் ஷேடு கார்டைக் கொண்டுவந்து தரையில் விரித்தான். மோர்க்குழம்பின் நிறத்துக்கு மட்டும் இங்கிலீஷில் ஏழெட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். பரிமளா பெயர்களைப் பார்க்கவில்லை. ஹாலுக்குச் சந்தனம் என்றாள். மூன்று சந்தனத்தைச் சுவரில் பட்டை பட்டையாக அடித்துக் காட்டச் சொல்லி, காலை வெயிலிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் நின்று நின்று பார்த்தாள். அடுப்படிக்குப் பழுப்பு அடித்தால் புகை படிந்தாலும் தெரியாது என்று சேவுகன் புத்தி சொன்னான். படிந்தால் துடைக்கிறது என் பாடு, நீ மஞ்சளை அடி என்றாள். இத்தனை நாளாக இந்த ஆசைகளையெல்லாம் எங்கே முடிந்து வைத்திருந்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அவன்தான் வாயைக் கொடுத்தான். மகள் ஹரிணியின் அறைக்கு ஒரு நீலம் அடித்தால் எடுப்பாக இருக்கும், இப்போது எல்லா வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றான். பரிமளா ஷேடு கார்டில் நீலங்கள் இருந்த பக்கத்தை மடித்து உள்ளே தள்ளினாள்.

"நீலம் மட்டும் வேணாம். வேற எதை வேணாலும் காட்டு."

பரிமளாவின் வீட்டில் நீலப் புடவை கிடையாது, நீல வாளி கிடையாது. தண்ணீர் டிரம்மை நீலம் தவிர வேறு நிறத்தில் எந்தக் கடைக்காரனும் கொடுக்கவில்லை என்பதால் அதற்குச் சாக்கைத் தைத்துச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். வானத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாரோ ஜோசியர் ஆகாது என்று சொல்லியிருப்பார் போல என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஜோசியரும் இல்லை, ஜாதகமும் இல்லை. கஜா புயல்தான் காரணம்.

அந்தப் புயலில் அவர்களுடைய தென்னந்தோப்பு மொத்தமும் தரையில் படுத்துவிட்டது. வீட்டின் ஓடுகள் பறந்தன, கிழக்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நிவாரணமாக வந்த நீலத் தார்ப்பாயை மிச்சமிருந்த மூன்று சுவர்களுக்கு மேல் இழுத்துக் கட்டி, புருஷனும் பெண்டாட்டியும் அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்த ஹரிணியும் அதற்குள் குடியிருந்தார்கள். கார்த்திகை மழையும் அதில்தான், பங்குனி வெயிலும் அதில்தான். வெளிச்சம் வந்தால் உள்ளே எல்லாமே நீலமாகிவிடும். தட்டில் போட்ட சோறு நீலம், பிள்ளையின் முகம் நீலம். குணசேகரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, புதுக் கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று விரல் விட்டு எண்ணியதும் அந்த வெளிச்சத்தில்தான். சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டிடம் பேசிவிட்டு வந்து, "போகட்டுமா?" என்று அவளைக் கேட்டதும் அங்கேதான். "ஒங்க இஷ்டம்" என்று அவள் சொன்னதும் அங்கேதான்.

வேண்டாம் என்ற சொல் அன்றைக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டாள். அதற்குப் பிறகு குணசேகரன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு மாதம் வந்து போகிற ஆளாகிவிட்டான். வந்தால் சொந்த வீட்டிலேயே சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் குளிக்கப் போவான். வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வந்துவிட்டன, வீடும் எழும்பிவிட்டது. இப்போது கம்பெனியில் மறுபடி இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று போன வாரம் சொன்னான். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுகிற பழக்கம்தான் இல்லையே.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஹரிணி, மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து ஒரு நிறத்தில் விரலை வைத்தாள். ஆகாய நீலம் இல்லை, மயில் நீலமும் இல்லை. சாட்சாத் தார்ப்பாய் நீலம். பரிமளா அட்டையை வெடுக்கென்று மூடினாள். முடியாது என்றாள். பிஸ்தா பச்சை அடிக்கலாம், ரோஸ் அடிக்கலாம், கத்தரிப்பூ நிறம்கூட அடிக்கலாம் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். ஹரிணி பிடித்த பிடியை விடவில்லை. அம்மாவின் பேசாத வாய் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை, அதுவரைக்கும் நல்லது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. மற்ற அறைகளெல்லாம் முடிந்து, அந்த ஓர் அறை மட்டும் பிரைமர் அடித்த வெள்ளையோடு காத்துக் கிடந்தது. சேவுகன் வாசலில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவிக் கழுவிக் காயப்போட்டான்.

பொறுக்க முடியாமல் பரிமளாவே மகளிடம் போனாள். அந்த நீலத்தைப் பார்த்தால் எனக்கு என்ன ஞாபகம் வரும் தெரியுமா என்று கேட்டாள். தெரியாமல் அடம் பிடிக்கிறாள், சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தாள்.

"தெரியும்மா. நம்ம தார்ப்பாய். அதுக்குத்தான் கேக்குறேன்," என்றாள் ஹரிணி.

ஹரிணி விரலால் மேலே காட்டினாள்.

"மேல மழைத்தண்ணி தேங்குனா அப்பா கம்பை வச்சு முட்டுவாங்கல்ல? சளக்குனு வெளிய ஊத்தும். நான் சிரிப்பேன். ராத்திரி மூணு பேரும் ஒண்ணாத்தான் படுத்திருப்போம்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதுக்குள்ள இருந்தப்பத்தாம்மா அப்பா நம்மகூட இருந்தாங்க. அதுக்கப்புறம் எங்க இருந்தாங்க?"

பரிமளா அங்கேயே கவிழ்ந்து கிடந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் எதை நினைத்து அந்த நிறத்தை வெறுத்தாளோ, அதையேதான் இந்தப் பிள்ளை பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறது. அழுகை வந்தது, அழுதாள். தார்ப்பாய் என்ன பாவம் செய்தது? அவன் போனதற்கு அதுவா காரணம்? ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது அவள்தானே.

மறுநாள் காலையில் அவள் தோப்புக்குப் போனாள். மோட்டார் கொட்டகையின் மேல் வெயிலில் வெளிறிக் கிடந்த அந்தப் பழைய தார்ப்பாயில், மடிப்புக்கு உள்ளே நிறம் மங்காத இடமாகப் பார்த்து ஒரு துண்டு அறுத்துக்கொண்டு, ஆலங்குடி பஸ் ஏறினாள். பெயிண்ட் கடையில் அதை மேஜைமேல் வைத்து இதே நிறம் வேண்டும் என்றாள். மருமகளுக்குப் பட்டுப்புடவை எடுக்கிற மாமியார்கள்கூட அவ்வளவு கறாராக நிற்க மாட்டார்கள். கடைக்காரர் இரண்டு முறை கலந்து காட்டினார். இரண்டும் இல்லை என்றாள். மூன்றாவது சரியாக வந்தது. கம்ப்யூட்டர் அதற்கு ஏதோ ஒரு கடலின் பெயரைச் சொன்னது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சேவுகன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் அடிக்க ஆரம்பித்தான். அந்தமட்டில் விவரமான ஆள்.

மத்தியானம், கடைசிச் சுவர் முடிந்த கையோடு, ஹரிணி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். ஹாலைக் காட்டினாள், மஞ்சள் அடுப்படியைக் காட்டினாள். குணசேகரன் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஹரிணி நீல அறைக்குள் நுழைந்ததும் அவன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"இது நம்ம தார்ப்பாய் கலருல்ல?" என்றான்.

ஆமாம்ப்பா என்று ஹரிணி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அம்மாவிடம் கொடு என்றான். ஹரிணி போனைத் தான் பிடித்தபடியே பரிமளாவின் பக்கம் திருப்பினாள்.

"பேப்பரு வந்துருச்சு பரிமளா. நாளைக்குக் கையெழுத்து வாங்கிருவாங்க. போட்ரட்டுமா?"

பழகிப்போன அந்த இரண்டு சொல்லும் நாக்கின் நுனிக்கு வந்து நின்றன. பரிமளா சுவரைப் பார்த்தாள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, போனைப் பிடித்திருந்த மகளின் கையும் முகமும் இலேசாக நீலமாகியிருந்தன.

"போடாதீங்க," என்றாள். "போதும். வந்துருங்க."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். குணசேகரன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கும் நீ இதைச் சொல்லுவேன்னு நெனச்சுத்தான் கேட்டேன், பரிமளா," என்றான்.

பரிமளா பின்னால் இருந்த சுவரில் சாய்ந்துவிட்டாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை, சேலையெல்லாம் ஆகிவிடும் என்று சேவுகன் வாசலில் இருந்து சத்தம் போட்டான். அவள் நகரவில்லை.